ஓட்டைப் பாய் பாஸான கதை: பொங்கல் லீவில் பாச்சலூர் மலை

பனி இறங்கும். பஞ்சு போல மெத்தென்று இருக்கிற பாய் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊதிக் கிடக்கும். எட்டணாப் பெறாது என்று ஓரங்கட்டின பாய்தான் கடைசியில் கை கொடுக்கும். இந்த மூன்றையும் பொங்கலுக்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்பீர்கள். மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்து சொன்னால்தான் கணிப்பா?

மலையில் ஒரு ராத்திரி வெளியில் தங்க வேண்டும், முதுகில் சுமக்க லேசாக ஒரு ஃபோம் பாய் வேண்டும், எதை வாங்குவது என்று தெரியவில்லை என முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த 2008 பொங்கல் லீவில் நாங்கள் மூன்று பேர் ஒட்டன்சத்திரத்துக்கு மேலே இருக்கும் பாச்சலூருக்குப் போய் வந்தோம். பாய் வாங்கின கதை, பஸ், செலவு எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று தெரிந்தால்தான் என் பேச்சுக்கு மதிப்புத் தெரியும். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஸ்டோர் என் கையில் இருக்கிறது. படிப்பு ஒன்பதாவது வரை. பத்தாவதில் எனக்குப் புதிதாகச் சொல்லித்தர அவர்களிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நின்றுவிட்டேன். இத்தனை வருடத்தில் என் கை பட்ட துணியை நீளமாக விரித்தால் சந்திரனுக்குப் போய்விட்டு, திரும்பி வரும்போது சோமனூரில் இறங்கிக்கொள்ளலாம்.

என் மனைவி சரோஜா அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் பனியனை டியூப்லைட்டுக்கு அடியில் மேசைமேல் விரித்து, புரட்டிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. கறை, நூல் பிசிறு, கோணல் தையல் என்றால் அது ‘ஆல்டர்’, சரி செய்து அனுப்பிவிடலாம். ஓட்டை என்றால் ‘ரிஜெக்ட்’. அதற்கு மேல் அவளிடம் பேச்சு கிடையாது. முதலாளியே வந்து கேட்டாலும் ஓட்டை ஓட்டைதான்.

பல வருடம் நின்றுகொண்டே பார்த்ததில் அவளுடைய இடுப்பில் ஒரு குறை விழுந்துவிட்டது. நடக்கலாம், மேடு ஏறலாம், ஆனால் சில்லென்ற தரையில் படுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒருமுறை கல்யாண மண்டபத்துத் தரையில் படுத்துவிட்டு, காலையில் எழ முடியாமல், மணப்பெண்ணுக்கு முன்னால் இவளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து செக்கிங் பெண்கள் எங்கே போனாலும், “உங்களுக்கு முடியாதுங்க்கா” என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து போட்டோவை மட்டும் காட்டுவார்கள்.

மார்கழியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“ஏனுங்க, மலை உச்சில ஒரு ராத்திரி இருந்து பாக்கோணுமுங்க. ரூமுல இல்ல, வெளிய.”

“இடுப்பு?”

“அதைத்தானுங்க பாக்கோணும். இந்த ஒருக்காப் போயிப் பாத்தர்றேன். புடிச்சுக்கிச்சுன்னா இனி எங்கியும் போகோணும்னு கேக்கமாட்டேன். ஊட்டோட இருந்துக்கறேன்.”

எங்கள் குடித்தனத்தில் அவள் ‘இனி கேக்கமாட்டேன்’ என்று இதற்கு முன் சொன்னது ஒரே தடவை. வீட்டில் வைத்துத் தைக்க ஒரு மெஷின் கேட்டபோது. நான் வாங்கித் தரவில்லை. அவளும் அப்புறம் கேட்கவே இல்லை. அதனால் இந்தப் பாய் விஷயத்தில் விளையாட்டாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். அவிநாசி வழியாகப் போகாமல் மங்கலம், சோமனூர் வழியாகப் போனேன். நேரம் கொஞ்சம் கூட ஆகும், ஆனால் உட்கார சீட் கிடைக்கும். சோமனூருக்குள் பஸ் நுழைந்ததும் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். பக்கத்து சீட்டில் இருந்தவர் செல்போனில் கத்திக் கத்திக் கல்யாணம் பேசி முடித்தார். பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் மாப்பிள்ளையின் சம்பளம் தெரிந்துவிட்டது.

கோயமுத்தூரில் பேட்டும் பந்தும் விற்கிற ஒரு கடையில் இரண்டு வகைப் பாய் இருந்தது. ஒன்று காற்று அடைக்கிற வகை. விலை மூவாயிரத்து இருநூறு. முள் குத்தினால் மூவாயிரத்து இருநூறும் புஸ். இன்னொன்று சாம்பல் நிறத்தில், விரல் தடிமனில், சுருட்டிக் கட்டின ஃபோம் பாய். நானூற்று இருபது ரூபாய். கையில் வாங்கினேன். கையில் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு லேசு.

“இது க்ளோஸ்டு செல் ஃபோமுங்க. தண்ணி உள்ள போகாது” என்றார் கடைக்காரர்.

“வெயிட்டே இல்லீங்களே.”

“வெயிட் இல்லாம இருக்கறதுக்குத்தானுங்க நானூத்தி இருவது ரூவா.”

இங்கே எங்கள் ஊர் புத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூர்க்காரன் எதைத் தொட்டாலும் ஜி.எஸ்.எம். பார்ப்பான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு அது. கூடினால் கனத்த துணி, நல்ல விலை. குறைந்தால் சல்லடை. இதற்கென்றே வட்டமாக ஒரு கட்டர் இருக்கிறது. துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வில்லை வந்துவிடும். அதை எடை போட்டு நூறால் பெருக்கினால் முடிந்தது. அந்தக் கட்டர் எப்போதும் என் பையில் இருக்கும். டாக்டர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லையா, அது மாதிரி.

கடைக்காரர் இன்னொருவருக்குப் பந்து எடுத்துக் கொடுக்கத் திரும்பினார். நான் பாயை விரித்து, அதன் மூலையில் கட்டரை வைத்தேன். துணி என்றால் ஒரு திருகு. இதற்கு நாலு திருகு தேவைப்பட்டது.

“ஏனுங்க! என்னங்க பண்றீங்க!”

“ஜி.எஸ்.எம். பாக்கறேனுங்க.”

“பாயிக்கா?”

“எதா இருந்தாலும் ஜி.எஸ்.எம். உண்டுங்களே.”

“எளநி வாங்கப் போனாலும் இப்படித்தான் திருகிப் பாப்பீங்களா? ஓட்டை போட்ட பாயை நான் இனி யாரு தலையில கட்டறது?”

என் தலையில்தான் கட்டினார். பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் வில்லையை எடை போட்டேன். மூன்று கிராம் சொச்சம். அதாவது முந்நூறு சொச்சம் ஜி.எஸ்.எம். குளிர்காலத்துக்கு நாங்கள் ஏற்றுமதி செய்கிற துணியே அந்தக் கனம் இருக்கும். இந்தப் பாயில் படுப்பதும் ஒரு ஸ்வெட்டரை விரித்துப் படுப்பதும் ஒன்றுதான் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அப்புறம் நானே ஒரு பாய் செய்தேன். பொம்பளைகள் உள்ளாடைக்குள்ளும் குழந்தைகள் ஜாக்கெட்டுக்குள்ளும் வைக்க, மெத்தென்ற ஸ்பாஞ்சுக்கு இரண்டு பக்கமும் துணி ஒட்டித் தருகிற லேமினேஷன் யூனிட் எங்கள் பக்கம் இருக்கிறது. அங்கே ஓர் அங்குலத் தடிமனில் ஆறடி வாங்கினேன். இரண்டு பக்கமும் ரோஸ் கலர் துணி. ஜி.எஸ்.எம். ஏறக்குறைய ஆயிரம்! தொட்டால் விரல் அமுங்கி, எடுத்தால் மெல்ல எழுந்து வரும். கட்டிங் மாஸ்டர் எபனேசர் அளவாக வெட்டி, நாலு ஓரமும் பிரியாமல் ஓவர்லாக் தையல் அடித்து, சுருட்டிக் கட்ட எலாஸ்டிக்கும் வைத்துக் கொடுத்தான். நாசரேத் பக்கத்துக்காரன். கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போய் வந்துவிட்டதால் பொங்கல் லீவில் ரூமில் சும்மா இருந்தான். அவனையும் சேர்த்துக்கொண்டோம்.

சுருட்டிக் கட்டினதைத் தூக்கிப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இத முதுவுல கெட்டிட்டு ஏறுனா நம்மள கேஸ் கம்பெனின்னுலா நெனைப்பான். ‘ஒரு சிலிண்டர் எறக்கிட்டுப் போங்க’ம்பான்.”

வீட்டில் சரோஜா இரண்டு பாயையும் கட்டில்மேல் விரித்துக் கையால் தடவிப் பார்த்தாள். செக்கிங் மேசையில் பார்க்கிற அதே பார்வை. ரோஸ் பாயில் ஒரு பிசிறு இல்லை. பாஸ். சாம்பல் பாயைத் திருப்பினாள். மூலையில் வட்டமாக ஓட்டை. பக்கத்திலேயே அம்பு ஸ்டிக்கர் விழுந்தது.

“ஓட்டைங்க. ரிஜெக்ட்டு.”

வெட்டின வில்லையை மட்டும், சூடான பாத்திரம் இறக்க ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டாள். ரிஜெக்ட் ஆன பாயை எபனேசர் தன் பையில் செருகினான். “சட்டி வைக்கவாது ஆவும்லா மைனி” என்றான்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை ஐந்தே முக்காலுக்குத் திருப்பூரில் தாராபுரம் பஸ் ஏறினோம். லீவு நாள் என்பதால் ரோட்டில் கம்பெனி வேன் ஒன்றுகூட இல்லை. தாராபுரம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஒட்டன்சத்திரம் முக்கால் மணி. ஒட்டன்சத்திரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு பாச்சலூர் பஸ். மூன்று பஸ்ஸுக்கும் சேர்த்து ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய்தான். எனக்கு மட்டும் ஆறு ரூபாய் கூட ஆனது. அது ரோஸ் பாய்க்கு.

“சிலிண்டரெல்லாம் ஏத்தக்கூடாதுங்க” என்றார் தாராபுரம் கண்டக்டர்.

“இது பாயிங்க.”

அவர் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். “பாயிங்களா? யாருங்க படுக்கறது, ஆனையா?” லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

வடகாடு தாண்டினதும் மலை ரோடு. வளைவுக்கு வளைவு காற்று மாறும். முதலில் புளி, அப்புறம் வாழை, அப்புறம் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் காப்பிச் செடி. ஒரு திருப்பத்தில் ஐந்து யானைகள் ரோட்டை மறித்து நின்றன. டிரைவர் நடுங்கிவிட்டார். நான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, “போங்க சாமி” என்றதும் ஒதுங்கி வழி விட்டன. பாச்சலூரில் இறங்கி, அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். சரோஜா எங்களுக்கு முன்னால் ஏறினாள். ஏறுவது அவளுக்குப் பிரச்சினையே இல்லை. படுக்கிற நேரம்தான் எங்கள் எல்லோர் மனதிலும் இருந்தது.

நாங்கள் தங்கின இடம் பட்டா நிலம். எங்கள் கம்பெனிக்கு டீ கொண்டு வருகிறவரின் மாமனாருடைய காப்பித் தோட்டம். காட்டிலாகா இடத்தில் இப்படித் தங்கக் கூடாது. கேட்டுக்கொண்டு, தெரிந்தவர் தோட்டத்தில் தங்குங்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சின்னப்பன் என்பவர் மேட்டு உச்சியில் ஒரு வழுக்குப் பாறையும் புல்தரையும் காட்டினார். வடக்கே பார்த்தால் பூமி கீழே விழுந்து, சமவெளி முழுவதும் தெரிந்தது. தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டினோம்.

மணி நாலு இருக்கும். நான் ரோஸ் பாயை அவிழ்த்துப் புல்மேல் விரித்தேன்.

“பாய இப்பவே விரிக்காதீக. மேகம் எறங்கும்” என்றார் சின்னப்பன்.

அவருக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் தொழிலில் சுருட்டி வந்த துணியைப் பிரித்தவுடன் வெட்டமாட்டோம். விரித்துப் போட்டு, இழுபட்டது எல்லாம் தளர்ந்து தன் அளவுக்கு வரும்வரை விட்டுவிடுவோம். அதற்கு ‘ரிலாக்ஸ்’ என்று பெயர். ரிலாக்ஸ் ஆகாத துணியில் தைத்தால் ஒரு சலவையில் அண்ணன் பனியன் தம்பிக்கு ஆகிவிடும். விடியலிலிருந்து சுருண்டு வந்த பாய்க்கும் அதுதானே நியாயம்?

“ரிலாக்ஸ் ஆகட்டுமுங்க” என்றேன்.

நாங்கள் விறகு பொறுக்கப் போனோம். போன கொஞ்ச நேரத்தில் மலைக்கு மேலிருந்து வெள்ளையாக ஒன்று வழிந்து வந்து மூடியது. மழை இல்லை, தூறல்கூட இல்லை. ஆனால் மீசை நனைந்தது. திரும்பி வந்தபோது ரோஸ் பாய் நன்றாகவே ரிலாக்ஸ் ஆகியிருந்தது. மேலே பனி, அடியில் புல்லின் ஈரம், இரண்டையும் குடித்து ஊறிக் கிடந்தது. போனது ஒரு கிலோ, தூக்கினால் ஆறு கிலோ. எபனேசர் ஒரு முனையைப் பிடித்து முறுக்கினான். பால்காரன் பால் ஊற்றுகிற மாதிரி தண்ணீர் விழுந்தது. தார்ப்பாய்க்குள் இருந்த ஒரு மூலை மட்டும், ஒன்றரை அடி, காய்ந்திருந்தது.

சரோஜா அந்தப் பாயை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

“மைனி, இருட்டுக்கு முந்தி எறங்கிருவமா? சின்னப்பன் வீட்டுல கட்டிலு கெடக்கு” என்றான் எபனேசர். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் செக்கிங் பெண்கள் சொல்கிற ‘உங்களுக்கு முடியாதுங்க்கா’ மாதிரியே அது கேட்டது. அவள் சின்னப்பன் கொடுத்த கடுங்காப்பியை வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். எவர்சில்வர் தம்ளர் தொட முடியாத சூடு. நான் என் தம்ளரை இடது கைக்கும் வலது கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் ஆடாமல் பிடித்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். தம்ளருக்கு அடியில் அந்தச் சாம்பல் வில்லை இருந்தது. பாத்திரம் இறக்க என்று கொண்டு வந்தது.

“ஏனுங்க, இது சூட்டைக் கைக்கு விடவே இல்லீங்களே.”

“ஆமா, அதுக்கென்ன?”

“சூட்டையே விடாதது, தரைச் சில்லுப்ப மட்டும் விட்டுருமா?”

சட்டியும் கரண்டியும் வைத்திருந்த சாம்பல் பாயை உருவினாள். ஒரு உதறு. அதன்மேல் நின்ற பனித்துளி அத்தனையும் முத்து முத்தாகத் தெறித்து விழுந்தது. பாய் காய்ந்திருந்தது. ஈரப் பாறைமேல் விரித்து, மண்டியிட்டு, உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி.

“ஏறலீங்க” என்றாள்.

“ஓட்டை இருக்குதே?” என்று அவள் சட்டத்தையே அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

“ஓட்டை கால்மாட்டுல போகட்டுமுங்க. நான் இதை ஏத்துமதியா பண்ணப் போறேன்?”

அம்பு ஸ்டிக்கரை நகத்தால் பிரித்து எடுத்தாள். எறியவில்லை. நடந்து போய் ரோஸ் பாயின்மேல் ஒட்டினாள். ஈரத்தில் அது ஒட்டவும் இல்லை. எபனேசர் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று ராத்திரி சரோஜா அந்தச் சாம்பல் பாயில் ஒரு போர்வையோடு படுத்தாள். படுத்தவள் விடியும்வரை புரளக்கூட இல்லை, அப்படி ஒரு தூக்கம். நான் ரோஸ் பாயின் காய்ந்த மூலையில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் அவளுக்குக் காவல் இருந்தேன். நடுவில் ஏதோ பெரிய மிருகம் காப்பிச் செடிக்குள் வந்து நின்றது. நான் ஒரு கனைப்புக் கனைத்ததும் போய்விட்டது. காலையில் எழுந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், போர்வையை உதறி மடித்தாள். இடுப்பு பிடிக்கவில்லை. பாயைத் தானே சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கிப் போனாள். ரோஸ் பாயை நானும் எபனேசரும் பிணம் தூக்குகிற மாதிரி ஆளுக்கு ஒரு முனை பிடித்து இறக்கினோம்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. கடையில் கட்டரை எடுக்காதீர்கள், அதுதான் முதல் பாடம். ஓரத்தில் ஈரக் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். ஈரத்தை உறிஞ்சினால் அது ஸ்பாஞ்சு, வீட்டு சோபாவுக்கு ஆகும், மலைக்கு ஆகாது. உறிஞ்சாமல் துளி துளியாக நின்றால் எடுங்கள். உள்ளே இருக்கிற சின்னச் சின்னக் காற்று அறைகள் எல்லாம் வாய் மூடியிருக்கும், அதனால்தான் தண்ணீரும் போகாது, குளிரும் ஏறாது. கனத்தைப் பார்த்து மயங்காதீர்கள். துணியில் நாம் நூலுக்குக் காசு கொடுக்கிறோம், பாயில் காற்றுக்குக் காசு கொடுக்கிறோம். இந்த வரியை நான்தான் கண்டுபிடித்தேன், யாராவது எடுத்துப் போட்டால் என் பெயரைச் சொல்லவும்.

விரல் தடிமன் போதும். மார்கழி, தை மாதத்தில் மலைக்குப் போவதானால் இரண்டு பாயை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம். இரண்டும் சேர்ந்தே முக்கால் கிலோ வராது. சுமை இன்னும் குறைய வேண்டுமென்றால் தலையிலிருந்து தொடை வரைக்கும் நீளம் இருந்தால் போதும், காலுக்குக் கீழே பையை வைத்துக்கொள்ளலாம். கட்டைவிரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், பள்ளம் எழுந்து வர வேண்டும். வராவிட்டால் நாலு ராத்திரியில் அப்பளம் ஆகிவிடும். பையின் வெளிப்பக்கம் கட்டிக்கொள்ளலாம், நனைந்தாலும் கவலை இல்லை. எந்தப் பாயாக இருந்தாலும் படுக்கப் போகும்போதுதான் விரிக்க வேண்டும். பாய்க்கு ரிலாக்ஸ் தேவையில்லை, மனுஷனுக்குத்தான் தேவை.

இத்தோடு முடித்து, எங்கள் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் தம்பியின் கம்ப்யூட்டரில் டைப் அடித்து, இன்டர்நெட்டில் ஏற்றுவதற்கு முன்னால் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். சரோஜா படிக்கட்டும், பெருமைப்படட்டும் என்றுதான். அவள் காகிதத்தை மேசைமேல் விரித்து, லைட்டைப் போட்டு, ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

யானைமேல் ஒரு அம்பு. “அது எருமைங்க. மூணு.” ஏழு கிலோமீட்டர்மேல் ஒரு அம்பு. “மூணு கிலோமீட்டரு.” ஆறு கிலோ ரோஸ் பாய், சந்திரன், காப்பிச் செடிக்குள் வந்த மிருகம், எல்லாவற்றுக்கும் அம்பு.

“இதெல்லாம் ஆல்டர்தானுங்க. கறை. இருந்துட்டுப் போகட்டும், உங்களுக்கு அழகாத்தான் இருக்குது” என்றாள்.

பிறகு இன்னொரு அம்பை ஒட்டினாள். ‘அப்படி ஒரு தூக்கம்’ என்ற இடத்தில்.

“இது ஓட்டைங்க. இதை நம்பிக்கிட்டு இடுப்பு வலிக்காரங்க யாராச்சும் போனா என்ன பண்றது?”

ஆகவே கறையை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு, ஓட்டையை மட்டும் அடைக்கிறேன். அவள் விடிய விடியத் தூங்கினாள் என்பது நான் போட்டது. நடந்தது இது. அந்தப் பாயில் அவள் ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்தாள். சில்லிப்பு ஏறவில்லை, இடுப்பு வலிக்கவில்லை. அந்த அளவுக்கு இந்தப் பாய்க்கு அவள் சாட்சி. அதற்குள் மேகம் விலகிவிட்டது. எழுந்து, “நீங்க படுங்க” என்று என்னைப் படுக்கச் சொன்னாள். புரளாமல் தூங்கினது நான். ரோஸ் பாயின் காய்ந்த மூலையை மடித்து இடுப்புக்கு அணைவாக வைத்து, சில்வர் ஓக்கில் சாய்ந்து, விடியும்வரை விழித்திருந்தது அவள். கீழே ஒட்டன்சத்திரம், அதற்கும் அப்பால் தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள், எல்லாம் தெரிந்ததாம். நடுவில் ஒருமுறை நான் கண் விழித்து, படுக்கலையா என்று கேட்டேன்.

“படுக்கறதுக்கு ஊட்டுல கட்டல் இருக்குதுங்களே. இத்தன வருசமா ஒரே டியூப்லைட்டுக்கு அடியில நின்னு ஓட்டை தேடுனேன். இங்க பாருங்க, எத்தன லைட்டு. ஒண்ணுலயும் ஒண்ணும் தேட வேண்டியதில்ல.”

நான் ம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டேன். பாய் அவ்வளவு சுகம்.

திரும்பி வரும்போது ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில், அடுத்த தடவை போவதானால் இதே மாதிரி இன்னொரு பாய் வாங்கிவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். அவள் எங்கேயும் போகலாமா என்று கேட்கவில்லை. போவது என்று முடிவாகிவிட்ட மாதிரி பதில் சொன்னாள்.

“எதுக்குங்க? இந்த ஓட்டைப் பாயே போதும். நீங்க ஒருத்தருதானே தூங்கறீங்க.”